ஒரு பட்டையைக்கூடக் கழற்ற மாட்டேன்

1989 ஜூன் 12, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. முதல் நாளே மானம் போயிற்று.

எம்.ரெட்டியபட்டி போகும் வழியில் அந்த ஓடைப்பள்ளம் வந்ததும் வழக்கம்போல ஐந்து டீச்சர்களையும் இறக்கிவிட்டேன். வண்டி தனியாக இறங்கி ஏற வேண்டும், அவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வர வேண்டும். அப்படியும் சைலன்சர் கல்லில் உரசி, பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம். ராமலட்சுமி டீச்சர்தான் ஐவரில் மூத்தவர், மற்ற நாலு பேருக்கும் அவர் சொன்னதுதான் சட்டம். "ஏன் செல்லக்கிளி, நாங்க கார்ல போறதுக்கு மாசாமாசம் குடுக்குறமா, கார் கூட நடக்குறதுக்குக் குடுக்குறமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிரிப்பா வந்தது?

இந்த அம்பாசிடர் என் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி. அவருக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து ஒன்றரை வருஷமாகிறது. அதற்கு முன்பே வறண்டு கிடந்த கண்மாய்க்குள் விட்டு எனக்கு ஓட்டப் பழக்கியிருந்தார். விளையாட்டாகப் பழகியதுதான் இன்று சோறு போடுகிறது. அருப்புக்கோட்டை டாக்சி ஸ்டாண்டில் சேலை கட்டிய டிரைவர் நான் ஒருத்திதான். பேசுகிறவர்கள் பேசட்டும், அவர்களா வந்து உலை வைக்கப் போகிறார்கள்?

ஆனால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. நின்றாலும் சோம்பேறி நாய் பின்னங்காலை மடக்கின மாதிரிதான் இருக்கிறது.

ஜூன் 14, புதன்

பாளையம்பட்டியில் மெக்கானிக் இன்பராஜ் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பின் சக்கரங்களுக்கு மேலே இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். வில் போல வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவுதான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது.

"வலது பக்கம் பெரிய பட்டையே ஒடிஞ்சிருக்குக்கா. மத்ததெல்லாம் நேரா நீட்டிப் படுத்துருச்சு. வளைவே இல்ல."

"அஞ்சு டீச்சரு ஏறினா ஒடியத்தானே செய்யும்."

"இது டீச்சருக ஏறி ஒடிஞ்ச பட்டை இல்லக்கா" என்றான். ரோடு ஒடித்திருக்கும் என்றேன். அவன் கழிவுத்துணியில் கையைத் துடைத்தான்.

வீட்டுக்காரர், ஒடிந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எனக்குச் சம்மதமில்லை. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் கிழடு என்றால் வண்டி நொண்டாதா? ஏலச்சீட்டை எடுத்தாவது இரண்டு பக்கமும் முழுசாக மாற்றப்போகிறேன். ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் உட்பட. அரைகுறை வேலை செய்து செய்துதான் இந்த வீடு இப்படி இருக்கிறது.

ஜூன் 18, ஞாயிறு

இன்று முழுக்கப் பட்டறையில்தான். புதுப் பட்டைகளின் வளைவைப் பார்த்தபோதே மனசு நிறைந்தது. மாட்டி முடித்து இன்பராஜ் ஜாக்கியை இறக்கினான். வண்டியின் பின்பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது.

"இன்னும் எறக்குப்பா" என்றேன்.

"எறக்கியாச்சுக்கா. ஜாக்கி தரையில கெடக்கு."

குனிந்து பார்த்தேன். ஆமாம்! முன்பு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் கையைப் படுக்க வைத்துக்கூட நுழைக்க முடியாது. இப்போது முஷ்டியை மடக்கி நிமிர்த்தி விடலாம். இத்தனை வருஷமாக வண்டியின் உயரமே அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பாவம், அது இடுப்பு ஒடிந்து கிடந்திருக்கிறது.

பின்பக்கம் ஏறியதும் முன்பக்கம் தாழ்ந்து தெரிகிறது. முன்னால் ஒன்றும் இறங்கவில்லையாம். அதுவும் தளர்ந்துதான் இருந்ததாம், இரண்டும் சேர்ந்து தளர்ந்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லையாம். "பட்டை புதுசுல்லக்கா, ஓட ஓடக் கொஞ்சம் உக்காரும்" என்கிறான்.

மகள் அனுசியா பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம காரு சண்டச் சேவல் மாதிரி நிக்குது" என்றாள். நிற்கட்டும். நிற்கத்தானே காசு கொடுத்தேன்.

ஜூன் 19, திங்கள்

ஓடைப்பள்ளத்தில் ஒருவரையும் இறக்கவில்லை. ஐந்து பேரோடு இறங்கி ஐந்து பேரோடு ஏறினேன். ஒரு உரசல் இல்லை. ராமலட்சுமி டீச்சர் மட்டும், "மாடிப்படி ஏறுற மாதிரி இருக்குடீ" என்று முனகினார். ஏறுங்க டீச்சர், ஏறுங்க.

பின்கண்ணாடியில் வழக்கமான ரோடு தெரியவில்லை, வானம் தெரிந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். விளக்கு வெளிச்சமும் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே விழுகிறது, அதையும் சரிசெய்ய வேண்டும்.

ஜூன் 27, செவ்வாய்

ஸ்டாண்டில் வெள்ளத்துரை கூப்பிட்டான். வரிசையில் அவனுடைய வண்டிதான் எப்போதும் முதலில், அதனால் ஸ்டாண்டுக்கே அவன்தான் தலைவர் என்று ஒரு எண்ணம். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பான், என்னை மதினி என்பான்.

"மதினி, ஒரு பட்டையக் கழட்டிருங்க."

"எதுக்கு?"

"வண்டி வாலத் தூக்கி நின்னா என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவன்தான் சொன்னான். சாராயம் கடத்துகிறவர்கள் கூடுதலாக ஒரு பட்டை போட்டுக்கொள்வார்களாம். லோடு ஏறினால் வண்டி மட்டமாக, யோக்கியமாகத் தெரியும். லோடு இல்லாதபோது வால் தூக்கிவிடும். ஆகவே காலி வண்டி வால் தூக்கி நின்றால் அது லோடு வண்டி. இதுதான் இவர்கள் சாஸ்திரம்.

"இது கூடுதல் இல்ல தம்பி. கம்பெனி குடுத்த கணக்குதான்" என்றேன்.

"பாக்குறவனுக்குத் தெரியவா போகுது?"

பார்க்கிறவனுக்காக நான் என் வண்டியை முடமாக்கணுமா?

ஜூலை 5, புதன்

 பயத்தில் எழுதவில்லை, ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

திருச்சுழி ரோட்டில் செக்கிங். டீச்சர்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பி வரும்போது நேற்றே ஒருமுறை முறைத்துப் பார்த்தார்கள். இன்று காலையில் போகும்போதே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். ஐந்து டீச்சர்களும் ரோட்டில் இறங்கி நிற்க வேண்டும் என்றார்கள். பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், டிக்கியைக் கிளறினார்கள். உள்ளே ஐந்து தூக்குவாளி, ஒரு கட்டுப் பரீட்சைத்தாள், ஒரு குடை. "யாரு லோடு? எங்க எறக்குற?" என்று ஒரு போலீஸ்காரர் என்னை நீ, வா, போ என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ்ஸு வந்து மெதுவாக ஊர்ந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெற்ற தாய் தகப்பன்மார். ஜன்னல் ஜன்னலாகத் தலை.

ராமலட்சுமி டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எதுக்கு மூடணும்? என்ன திருடினோம்?

ஜூலை 6, வியாழன்

டீச்சர் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "ஒன்னையத் தெரியும்டீ எனக்கு. ஆனா ஊரு என்ன சொல்லுது? நெருப்பில்லாமப் பொகையுமான்னு கேக்குது. நாங்க கவர்மெண்டு உத்தியோகம் பாக்குறவுக. கொஞ்ச நாளைக்கு நாங்க வேற பாத்துக்கிறோம்."

அந்த ஒரு சவாரிதான் எங்கள் வீட்டு அரிசி. அது டீச்சருக்கும் தெரியும். தெரிந்துதான் காபி இறங்கவில்லை போலும்.

ஜூலை 7, வெள்ளி

காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. நானும் நின்றேன்.

ஜூலை 8, சனி

வீட்டுக்காரரும் அதே பாட்டு. "ஒரு பட்டையக் கழட்டிட்டுப் போ புள்ள. நீ என்ன கொறஞ்சா போயிருவ?"

"கொறஞ்சுதான் போவேன். தப்பு செய்யாதவ எதுக்குக் கொறையணும்?"

"ஊரோட ஒத்துப் போகணும்."

குனியக் குனியக் குட்டுகிற ஊர் இது. இன்றைக்கு ஒரு பட்டை என்பார்கள், நாளைக்குப் பொம்பளைக்கு எதுக்கு வண்டி என்பார்கள். கத்திவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏன் இப்படிப் பயப்படுகிறார்? முன்பெல்லாம் இவர் இப்படி இல்லையே.

ஜூலை 11, செவ்வாய்

டிக்கி மூடியைத் தூக்கி நிறுத்திக் கயிற்றால் கட்டிவிட்டேன். உள்ளே ஒன்றும் கிடையாது, ஸ்டெப்னியும் ஜாக்கியும் மட்டும். பின் சீட்டையும் கழற்றி வீட்டில் போட்டேன். சவாரி வந்தால் மாட்டிக்கொள்வது. அப்படியே ஊரைச் சுற்றினேன். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, நூல் கடை வீதி, பாளையம்பட்டி, மறுபடி மார்க்கெட். நல்லாப் பாருங்க எல்லாரும். சந்தேகம் இருக்கிறவர்கள் தலையை உள்ளே விட்டே பாருங்கள்!

காய்க்காரி சுப்பம்மாள், "எக்கா, வண்டி கொட்டாவி விடுது" என்று சத்தம் போட்டாள். தெருவே சிரித்தது. இந்தமுறை எனக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்தது.

ஜூலை 14, வெள்ளி

டிக்கியைத் திறந்து போட்டுச் செக்கிங்கைத் தாண்டினேன். போலீஸ்காரர் கையைத் தூக்கினவர் பாதியில் நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு, போ என்றார். தூசிதான் தாங்கவில்லை. ஒரு கரிசல்காட்டு மண்ணே உள்ளே வந்துவிட்டது.

ஜூலை 17, திங்கள்

ஐந்து டீச்சர்களையும் பார்த்தேன். வெள்ளத்துரை வண்டியில்.

ஓஹோ.

ஜூலை 22, சனி

ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களையும் வைத்து வெள்ளத்துரை பேசினான். என்னால் ஸ்டாண்டுக்கே கெட்ட பேராம், எல்லா வண்டியையும் மறிக்கிறார்களாம், திறந்த டிக்கியோடு நான் சர்க்கஸ் காட்டுகிறேனாம். ஒன்று பட்டையைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் ஆடி வெள்ளிக்கு ஸ்டாண்டு காளியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இரண்டும் முடியாது என்றால் வண்டியை வேறு இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கம் கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட எரிகிற சூடத்தைக் கையால் அமுக்கிப் பொய் சொல்ல மாட்டான். குடும்பம் விளங்காது என்று பயம்.

"என்னன்னு சத்தியம் பண்ணணும்?"

"இந்த வண்டியில சாராயமே ஏறினதில்லன்னு, வண்டி மேல சத்தியம்."

"ஒண்ணுக்கு ரெண்டு தடவ அணைக்கிறேன். சூடத்த வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மடியில் கனமில்லை, எனக்கு வழியில் என்ன பயம்?

ஜூலை 26, புதன்

கடவுளே.

சூடம் அணைக்கப்போவதை அவரிடம் நாலு நாளாகச் சொல்லவில்லை. யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். சோறு போடப்போனேன். தட்டைத் தள்ளிவிட்டு, "நீ போகாத செல்லம்" என்றார்.

"ஏன்?"

"பொய்ச் சத்தியம் ஆயிரும்."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அவரே சொன்னார், கூரையைப் பார்த்துக்கொண்டு. சாராயக் கடைகளை மூடின அந்த வருஷம். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, லாரி டியூப்பில் சாராயத்தை நிரப்பி, அடுக்கி, மேலே சாக்கு. வாரத்துக்கு ரெண்டு நடை. வாதம் வந்து விழுகிற வரைக்கும்.

"யாரு லோடு பிடிச்சுக் குடுத்தது?"

"வெள்ளத்துரை."

ராமேஸ்வரம் சவாரின்னாரே! ஒவ்வொரு தடவையும் விபூதிப் பொட்டலம் கொண்டாந்து குடுத்தாரே! நானும் பூசி, பிள்ளைக்கும் பூசிவிட்டேனே. எந்தக் கடையில வாங்கின விபூதி அது?

"போலீஸு பிடிக்கலையா ஒங்கள?"

"எப்பவும் குனிஞ்சே நிக்கிற வண்டிய எவன் சந்தேகப்படுவான்?"

அப்ப இந்தப் பட்டைய ஒடிச்சது டீச்சருக இல்ல, ரோடு இல்ல. இவரு. எம் புருஷன். ஊரு பூரா டிக்கியத் தெறந்து காட்டிட்டு வந்தேனே. எதக் காட்டினேன்? நல்லவ மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு—

வெள்ளத்துரைக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் "வண்டி மேல சத்தியம்" என்றான். அணைத்தால் பொய்ச் சத்தியம், என் புருஷன் என்னைச் செய்ய விடமாட்டார். அணைக்காவிட்டால் நான் கள்ளி. ரெண்டு பக்கமும் அவனுக்கே லாபம்.

அழுதேன். பிறகு எழுந்து பாத்திரம் விளக்கினேன்.

ஜூலை 27, வியாழன்

இன்பராஜிடம் போய், ஒனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "ஒடிஞ்ச பட்டையப் பாத்தா சந்தேகம் வரும்லக்கா. அத நான் எப்பிடி ஒங்ககிட்டச் சொல்ல?" என்றான். வேண்டுமானால் இப்போதே ஒரு பட்டையைக் கழற்றிவிடுகிறேன், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் முடிந்துவிடும் என்றான். ஸ்பானரைக் கையில் எடுத்தும்விட்டான்.

ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் சொல்வானேன், யோசித்தேன்.

"ஸ்பானரக் கீழ வை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 28, ஆடி வெள்ளி

காளியம்மனுக்குப் பொங்கல் வைக்க வந்த கூட்டம், ஸ்டாண்டு டிரைவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று வேப்பமரத்தடியில் நிற்க இடமில்லை. ராமலட்சுமி டீச்சரும் பொங்கல் பானையோடு ஓரமாக இருந்தார். வண்டியைக் கொண்டுபோய் எல்லோருக்கும் நடுவில் நிறுத்தினேன், பின்பக்கம் காளியைப் பார்த்தாற்போல.

பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார்.

"மொதச் சூடம் எனக்கு" என்றேன். "நான் ஸ்டியரிங்கப் பிடிச்ச நாள்ல இருந்து இந்த வண்டியில ஒரு சொட்டுச் சாராயம் ஏறினதில்ல. ஆத்தா மேல சத்தியம்." உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். சுட்டது, நன்றாகவே சுட்டது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அதோடு முடிந்திருக்கும். வெள்ளத்துரை விடவில்லை. சிரித்துக்கொண்டே, "நான் கேட்டது வண்டி மேல சத்தியம் மதினி. அப்ப அதுக்கு முன்னாடி?" என்றான்.

கேட்டானே மகராசன். அவன் கேட்கவில்லை என்றால் எனக்குத் தைரியம் வந்திருக்குமோ என்னமோ.

"இன்னொரு சூடத்தப் பொருத்துங்க சாமி" என்றேன். பொருத்தினார். "அதுக்கு முன்னாடி ஓட்டினவுக வீட்டுல கைகால் விழுந்து கெடக்காக. அவுக வந்து அணைக்க மாட்டாக. ஏன்னா அவுக ஏத்தினாக. எங்கிட்ட ஒத்துக்கிட்டாக. அவுகளுக்கு லோடு பிடிச்சுக் குடுத்தவுக இங்ஙனதான் நிக்காக. நான் பேரச் சொல்ல மாட்டேன். ஸ்டாண்டு வரிசைப்படி வாங்க. ஏத்தவும் இல்ல, ஏத்திவிடவும் இல்லன்னு ஆளுக்கொரு தடவ அணைச்சிட்டுப் போங்க. மொத வண்டி யாரு வண்டி?"

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் வெள்ளத்துரையைப் பார்த்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களில் இன்னும் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். அது எனக்கே புதுச் செய்தி.

பூசாரி தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். சூடம் எரிந்து, சின்னதாகி, தானாகவே அணைந்தது.

"குனிஞ்சு நின்னப்ப ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. நிமிந்து நின்னதும் கேக்க வந்துட்டீக. ஒரு பட்டையக்கூடக் கழட்ட மாட்டேன். என் எடத்துலதான் நிறுத்துவேன்" என்று சொல்லிவிட்டு, வரிசையில் என் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன், வண்டி ஒரு குதி குதித்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 29, சனி

டிக்கியை மூடிவிட்டேன். தூசி போதும்.

அவர் காதுக்குப் போய்விட்டது. "ஊரு முன்னாடி என்னையக் கேவலப்படுத்திட்டியே" என்றார்.

"நீங்க செஞ்சதத்தான் சொன்னேன். கூட ஒரு வார்த்த சொல்லல."

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. போலீஸ் வீட்டுக்கு வருமோ என்று மட்டும் பயம். வந்தால் வரட்டும், வாசல் திறந்துதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

போலீஸ் வரவில்லை. ராமலட்சுமி டீச்சர் வந்தார். இந்தமுறை காபியைக் குடித்தார்.

"நாளையில இருந்து வாரியா?"

எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் உடனே தலையை ஆட்ட எனக்கு மனசில்லை. "வாரேன் டீச்சர். ஆனா ஒண்ணு. செக்கிங்ல நிறுத்தி எறங்கச் சொன்னா, நீங்க அஞ்சு பேரும் எங்கூட நிக்கணும். மொகத்த மூடக்கூடாது."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். "பெரிய டீச்சர் நானா, நீயா?" என்றார். பிறகு சரி என்றார்.

ஆகஸ்ட் 23, புதன்

நிறுத்தினார்கள். புது ஆள். வால் ஏன் தூக்கியிருக்கிறது என்று அதே கேள்வி. ஐந்து பேரும் இறங்கி டிக்கியைச் சுற்றி நின்றார்கள். "நல்லாத் தொறந்து பாருங்க சார். பாத்துட்டுச் சட்டுனு விடுங்க, மொத மணி அடிச்சிரும்" என்று ராமலட்சுமி டீச்சர் வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார். அந்த ஆள் ஒரு தூக்குவாளியைத் தொட்டுவிட்டு மூடினார். இன்று முழுக்க எனக்குப் பசிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் இன்னும் பேச்சில்லை. சோறு வைக்கிறேன், மருந்து கொடுக்கிறேன், குளிக்க வைக்கிறேன். கோபம் ஒரு பக்கம் அப்படியே இருக்கிறது. இவரைத் தொட்டுத் துடைக்கிற கைதானே சூடத்தையும் அமுக்கியது.

செப்டம்பர் 11, திங்கள்

அனுசியா கேட்கிறாள்: "அப்பா ஏன் வாசலுக்கே வரமாட்டேங்குறாக?" என்ன சொல்வது?

அக்டோபர் 1, ஞாயிறு

மூன்று மாதம் ஓடியும் பட்டை உட்கார்ந்தது ஒரு விரல் அளவுதான். பின்பக்கம் இன்னும் தூக்கித்தான் நிற்கிறது. வண்டி மட்டமாக நின்றால் ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் நல்லது என்று இன்பராஜ் சொன்னான். அதாவது மறுபடியும் பட்டை பேச்சுக்கு வந்தான்.

"மட்டமா நிக்கணும்னா ரெண்டு வழி இருக்குல்ல. பின்னாடி எறக்காத. முன்னாடி ஏத்து" என்றேன்.

முன்பக்கம் பட்டை கிடையாது. நீளவாக்கில் இரண்டு முறுக்குக் கம்பிகள் இருக்கின்றன, டார்ஷன் பார் என்கிறான். அவையும் ஓய்ந்து முறுக்கு விட்டுப்போயிருந்தன. கம்பியின் பின்முனையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினான். அவ்வளவுதான், முன்பக்கம் எழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்க்க நாலைந்து தடவை ஏற்றி இறக்கினான். சக்கரக் கோணம் சரிபார்க்க மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறான்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். நாலு காலிலும் நின்றது. இப்போது யார் சொல்வார்கள், வால் தூக்கியிருக்கிறது என்று?

அக்டோபர் 5, வியாழன்

செக்கிங்கில் அந்தப் பழைய போலீஸ்காரர், "வண்டிய மாத்திட்டியாம்மா?" என்றார். இப்போது அம்மா சேர்ந்திருக்கிறது.

"இல்ல சார். அதே வண்டிதான்."

அக்டோபர் 24, செவ்வாய்

மழை. வெள்ளத்துரை ஸ்டாண்டில் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் வரிசையில் என் முறை வந்தால் வழி விடுகிறான். அது போதும்.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் அடுப்படியில் இருந்தேன். உள்ளே ஏதோ உருளுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சட்டையைப் போட முயன்று, பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கைத்தடி தரையில் கிடந்தது.

"எங்க?"

"ஸ்டாண்டுக்கு."

மூன்று மாதத்தில் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் வார்த்தை. "எதுக்கு?" என்றேன்.

"எத்தன நாளைக்கு நீ தனியாப் போயி நிப்ப? செஞ்சவன் நானு. நானும் வந்து நிக்கிறேன். அவனுக பாத்தா பாக்கட்டும்."

பட்டனைப் போட்டுவிட்டேன். கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் தடியை ஊன்றி அவரே வந்தார். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முன்பக்கம் ஏற்றின பிறகு அவர் அதைப் பார்த்ததே இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மட்கார்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து காலைத் தூக்கினார். எட்டவில்லை. மறுபடி தூக்கினார். எட்டவில்லை.

"ஒசரம் சாஸ்திதான் புள்ள" என்றார். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, "ஒரு பட்டையக் கழட்டினா ஏறிருவேன்."

"கழட்ட மாட்டேன்."

சிரித்துவிட்டார். கோணிய வாயோடு அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. எனக்குக் கோபம் முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன், தீரவில்லை. ஆனாலும் இடுப்பில் கை கொடுத்தேன். அவர் என் தோளை அழுத்திப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒரு எம்பு எம்பி ஏறினார்.

எனக்குப் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டாண்டு போய்ச் சேருகிற வரைக்கும் அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றவே இல்லை.